மேற்கோள் பாணிகளைக் கலந்து பயன்படுத்துதல்

மேற்கோள் பாணிகளைக் கலந்து பயன்படுத்துதல் என்பது ஒரே ஆய்வேட்டிலோ நூலிலோ கட்டுரையிலோ இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மேற்கோள் முறைகளைப் பின்பற்றுவதைக் குறிக்கும். சான்றாக, பொருளியல் நூல்களை ஆசிரியர் பெயராலும் ஆண்டாலும், நீதிமன்றத் தீர்ப்புகளைத் தீர்ப்புத் திரட்டின் தொகுதி, பக்க எண்களாலும், தேவாரப் பாடல்களைத் திருமுறை, பதிக எண்களாலும் ஒரே நூலில் சுட்டலாம். கையால் எழுதியும் தட்டச்சிட்டும் வந்த காலத்தில் இது இயல்பாக நடந்தது. சோட்டரோ, எண்ட்நோட், மென்டலி போன்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருட்கள் பரவிய பின்னரே இது ஒரு சிக்கலாக உணரப்பட்டது. பொதுவாக இம்மென்பொருட்கள் ஓர் ஆவணத்துக்கு ஒரு பாணியை மட்டுமே ஏற்கும் வகையில் அமைந்துள்ளமையே இதற்குக் காரணம்.

பலவகைச் சான்றுகளைச் சார்ந்த ஆய்வுகளில் இச்சிக்கல் தெளிவாக வெளிப்படுகிறது. தமிழ்நாட்டின் திருப்பூர் மாவட்டத்தில் உள்ள திருமுருகன்பூண்டியும் அதனைச் சூழ்ந்த பின்னலாடைத் தொழில் வட்டாரமும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளன.

பாணிகளின் தோற்றம்

இன்று வழக்கிலுள்ள பாணிகள் வெவ்வேறு துறைகளின் தேவைகளிலிருந்து பிறந்தவை. அடைப்புக்குறிக்குள் ஆசிரியரையும் ஆண்டையும் தரும் முறையின் முன்னோடியாக, ஆர்வர்டு பல்கலைக்கழக விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் 1881 இல் வெளியிட்ட கட்டுரை குறிப்பிடப்படுகிறது. சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் கையேடு 1906 இல் முதன்முதலில் வெளியானது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. பாணி 1929 இல் ஒரு சிறு கட்டுரையாகத் தொடங்கியது. மருத்துவ இதழாசிரியர்கள் 1978 இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி வகுத்த எண் முறை அந்நகரின் பெயரால் அறியப்படுகிறது. சட்டத் துறையினர் அமெரிக்காவில் புளூபுக்கையும், ஐக்கிய இராச்சியத்தில் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஸ்கோலாவையும் பின்பற்றுகின்றனர்.

ஒவ்வொரு முறையும் வாசகரின் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு முதலிடம் தருகிறது. வேதியியல் படிப்பவருக்கு வாக்கிய ஓட்டம் தடைபடாமல் ஓர் எண் இருந்தால் போதும். சமூக அறிவியல் படிப்பவர் அக்கருத்தை எவர், எந்த ஆண்டில் கூறினார் என்பதை உடனே அறிய விரும்புவார். வழக்கறிஞருக்கு எந்த நீதிமன்றம், எந்தத் திரட்டு, எந்தப் பக்கம் என்பவை வேண்டும். ஆசிரியர்-ஆண்டு முறையில் தீர்ப்பு ஒன்றைச் சுட்டினால் வழக்குத் தொடுத்தவரே நூலாசிரியர் போலத் தோன்றும் விந்தை நிகழ்கிறது.

தனிப் பாணிக்குள் இருக்கும் கலப்பு

ஓர் ஆவணத்தில் ஒரே பாணிதான் இருக்க வேண்டும் என்னும் விதி நடைமுறையில் தோன்றும் அளவுக்குத் தூய்மையானதன்று. ஏ.பி.ஏ. கையேட்டின் 2019 இல் வெளியான ஏழாம் பதிப்பு, சட்ட மேற்கோள்களுக்குப் புளூபுக் முறையையே பெரும்பாலும் கடன்வாங்குகிறது. சமய நூல்களையும் செவ்வியல் நூல்களையும் பக்க எண்ணுக்குப் பதிலாக அதிகாரம், செய்யுள் எண்களால் சுட்டுமாறு அது கூறுகிறது. நேர்காணல், தனி மடல் போன்ற தனிப்பட்ட தொடர்புகள் உரையில் மட்டும் குறிக்கப்படும், பட்டியலில் இடம்பெறா. சிகாகோ கையேடு அடிக்குறிப்பு முறை, ஆசிரியர்-ஆண்டு முறை என்னும் இரண்டையும் ஒரே நூலில் தருகிறது. எனினும் ஒரு படைப்புக்கு அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என எதிர்பார்க்கிறது.

தமிழ் மரபிலும் இதுவே நிலை. குறளைக் குறள் எண்ணாலும் புறநானூற்றைப் பாட்டு எண்ணாலும் தொல்காப்பியத்தை அதிகார, நூற்பா எண்களாலும் சுட்டுவதே வழக்கம். தொல்காப்பியத்தில் நூற்பாக்களைப் பிரிக்கும் முறை உரையாசிரியருக்கு உரையாசிரியர் வேறுபடுவதால், எண்ணுடன் உரையாசிரியர் பெயரையும் தருதல் தேவையாகிறது. பக்க எண் இங்கு பெரும்பாலும் பயன்படாது. ஒருவர் கையிலுள்ள பதிப்பு மற்றொருவரிடம் இருக்க வேண்டியதில்லை, ஆனால் செய்யுள் எண் இருவருக்கும் பொது. ஆகவே சங்க இலக்கியத்தையும் இக்காலத் திறனாய்வு நூல்களையும் சேர்த்து ஆராயும் எந்தத் தமிழ் ஆய்வேடும் முதற்பக்கத்திலேயே இரண்டு முறைகளைக் கலக்கத் தொடங்கிவிடுகிறது.

திருமுருகன்பூண்டி: ஓர் எடுத்துக்காட்டு

திருமுருகன்பூண்டி, அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையே அமைந்த ஊர். 2021 இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாகத் தரமுயர்த்தப்பட்டது. இங்குள்ள திருமுருகநாதசுவாமி கோயில் கொங்கு நாட்டின் பாடல் பெற்ற ஏழு தலங்களுள் ஒன்று. கற்சிற்பத் தொழிலுக்கும் இவ்வூர் பெயர்பெற்றது. இவ்வூரின் வரலாற்றையும் சுற்றுவட்டாரத்தின் தொழில் மாற்றத்தையும் ஒரே ஆய்வேட்டில் எழுத முனைபவர் குறைந்தது ஐந்து வகைச் சான்றுகளைக் கையாள நேரும்.

முதலாவது தேவாரம். சுந்தரர் இத்தலத்தின் மீது பாடிய பதிகம் ஏழாம் திருமுறையின் 49 ஆவது பதிகம். அதன் மூன்றாம் பாடலைச் சுட்ட 7.49.3 என்றால் போதும். தேவாரம் பண்முறையிலும் தலமுறையிலும் அச்சிடப்பட்டுள்ளமையால், ஒரே பாடல் பதிப்புக்குப் பதிப்பு வெகுதொலைவு இடம்மாறும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தி. வே. கோபாலையரைக் கொண்டு 1984 முதல் வெளியிட்ட பதிப்பில் சுந்தரர் பாடல்கள் 1985 இல் வந்த தொகுதியில் உள்ளன. அதனை மென்பொருளில் நூலாகப் பதிந்து ஆசிரியர்-ஆண்டுப் பாணியைத் தேர்ந்தால் "(சுந்தரர், 1985)" என்று அச்சாகும். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகப் பொதுவாகக் கருதப்படும் நாயனார் பனியன் ஏற்றுமதிக் காலத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்.

இது வெறும் நகைப்புக்குரிய பிழை மட்டுமன்று. சேரமான் பெருமாளிடம் பரிசு பெற்றுத் திரும்பிய சுந்தரரிடம் இத்தலத்தில் பொருள் பறிக்கப்பட்டதாக வழங்கும் கதை இரண்டு நூல்களில் இரண்டு வடிவங்களில் உள்ளது. வேடுவர் வழிப்போக்கரைத் தாக்கி அவர்தம் ஆடையைப் பறிக்கும் இடத்தில் இறைவன் ஏன் குடியிருக்கிறார் என்று பதிகம் வினவுகிறது. பறித்தவர்கள் வேடுவர் வடிவில் வந்த சிவபூதகணங்கள் என்பது சுந்தரருக்குச் சில நூற்றாண்டுகள் பின்னர், 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் தரும் செய்தி. கொங்குப் பெருவழிகளின் பாதுகாப்பைப் பற்றி ஆராய்பவருக்கு இவ்வேறுபாடு மிக இன்றியமையாதது. இரண்டையும் இருபதாம் நூற்றாண்டுப் பதிப்பாண்டுகளால் மட்டும் சுட்டினால், எது முந்தைய சான்று என்பதை வாசகர் மேற்கோளிலிருந்து அறியவே முடியாது. பெரியபுராணப் பதிப்பு தேவாரப் பதிப்பினும் முந்திய ஆண்டில் அச்சானதாக இருந்தால் வரிசையே தலைகீழாகிவிடும்.

இரண்டாவது கல்வெட்டு. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. எனவே எண்ணும் ஆண்டும் இணைந்தே ஒரு கல்வெட்டை அடையாளம் காட்டும். அந்த ஆண்டு கல்வெட்டு பொறிக்கப்பட்ட ஆண்டு அன்று, படியெடுத்துப் பதிவுசெய்யப்பட்ட ஆண்டு. ஆசிரியர்-ஆண்டுப் பாணியின் நடுவே இது வந்தால் பழக்கமில்லாத வாசகர் எளிதில் மயங்குவார். இடப்பெயரிலும் கவனம் தேவை. திருப்பூர் மாவட்டம் 2009 இல் உருவாக்கப்பட்டது. அதற்கு முந்தைய வெளியீடுகளில் திருமுருகன்பூண்டி கோயம்புத்தூர் மாவட்டம் அவிநாசி வட்டத்தின் கீழ் வரும். பழைய வெளியீட்டின் தலைப்பிலோ உட்பிரிவிலோ உள்ள மாவட்டப் பெயரை இன்றைய நிலைக்கேற்பத் திருத்திப் பதிந்தால், அந்த மேற்கோளைக் கொண்டு மூலத்தைத் தேடுபவர் அதனைக் கண்டடைவது கடினம்.

மூன்றாவதாகச் சமூக அறிவியல் ஆய்வுகள். மென்பொருட்கள் சிரமமின்றிக் கையாளும் வகை இதுவே. பமேலா காதோர்ன் 1995 இல் 'வேர்ல்டு டெவலப்மென்ட்' இதழில் எழுதிய திருப்பூர் பின்னலாடைத் தொழில் பற்றிய கட்டுரை, சரத் சாரியின் 2004 ஆம் ஆண்டு நூலான 'பிரட்டர்னல் கேப்பிட்டல்' போன்றவை இதில் அடங்கும். ஆசிரியர்-ஆண்டு முறை இங்கு மிகப் பொருந்தும். தொழில் விரைந்து மாறியதால் எந்த ஆண்டின் நிலையைப் பற்றிய கூற்று என்பது வாசகருக்கு உடனே தெரிய வேண்டும்.

நான்காவது சட்டம். நொய்யல் ஆறு சாயக்கழிவால் மாசுபட்டமை தொடர்பாக ஆயக்கட்டு உழவர்கள் தொடுத்த வழக்கில், கழிவுநீர் வெளியேற்றத்தை முற்றிலும் நிறுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2006 இல் ஆணையிட்டது. சாய ஆலை உரிமையாளர்களின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபர் 6 அன்று தீர்ப்பளித்தது. ஆணை நிறைவேற்றப்படாததைத் தொடர்ந்து, சாய, சலவை ஆலைகளை மூடுமாறு 2011 சனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சட்ட முறையில் சுட்டினால் "(2009) 9 எஸ்.சி.சி. 737" என வரும். 9 என்பது அவ்வாண்டின் தொகுதி எண், 737 என்பது தொடக்கப் பக்கம். இதனையே ஆசிரியர்-ஆண்டு முறையில் தந்தால் சாயத் தொழிற்சாலை உரிமையாளர்கள் சங்கம் தனக்கு எதிரான தீர்ப்பைத் தானே எழுதியதாகப் பொருள்படும். மேலும் 2006, 2009, 2011 ஆகிய மூன்றும் வெவ்வேறு நிலையிலான ஆணைகள். நீதிமன்றத்தின் பெயர் தெரியாத மேற்கோள் இங்கு அரைகுறையான மேற்கோளே. 2023 முதல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளுக்குத் திரட்டுகளைச் சாராத பொது மேற்கோள் எண்களையும் வழங்கி வருகிறது.

ஐந்தாவதாகச் சாயவேதியியல் கட்டுரைகளும் தொழில்நுட்பத் தரங்களும். சலவையில் சாயம் போகாமையைச் சோதிக்கும் 'ஐ.எஸ்.ஓ. 105-சி06:2010' போன்ற தரத்துக்கு அதன் எண்ணே பெயர். அதற்கு ஆசிரியர் பெயர் தேடுவது வீண்.

மென்பொருட்களின் நடைமுறை

1988 இல் வெளியான எண்ட்நோட், 2006 இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் கட்டற்ற மென்பொருளாக உருவான சோட்டரோ, 2008 இல் தொடங்கி 2013 இல் எல்சவியர் நிறுவனத்தால் வாங்கப்பட்ட மென்டலி ஆகிய மூன்றும் ஒரே அடிப்படையில் இயங்குபவை. நூல்விவரம் ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். ஆவணத்தில் இடப்படும் மேற்கோள் வெறும் எழுத்தாக அல்லாமல் அத்தரவைச் சுட்டும் புலமாக இருக்கும். பாணிக் கோப்பு அப்புலத்தை எவ்வாறு எழுத்தாக்க வேண்டும் என்று கூறும். பாணியை மாற்றினால் ஆவணம் முழுவதும் நொடியில் மாறுவது இதனால்தான். ஒரு பத்தியில் மட்டும் மாற்ற இயலாததும் இதே காரணத்தாலேயே.

சோட்டரோவும் மென்டலியும் சி.எஸ்.எல். எனப்படும் மேற்கோள் பாணி மொழியைப் பயன்படுத்துகின்றன. புரூஸ் டார்கசு தொடங்கிய இத்திறந்த மொழியில், ஒவ்வொரு பாணியும் 'உரையுள்' அல்லது 'குறிப்பு' என்னும் இரண்டு வகுப்புகளுள் ஒன்றைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். எனவே நூல்களைத் தானாகவே உரையுள்ளும், தீர்ப்புகளைத் தானாகவே அடிக்குறிப்பிலும் வைக்கும் ஒரு பாணியை எழுத முடியாது. ஆனால் உரையுள் வகுப்புப் பாணியைத் தேர்ந்து, சொற்செயலியில் அடிக்குறிப்பு ஒன்றைத் தாமே உருவாக்கி, அதனுள் மேற்கோளை இடலாம்.

உருப்படி வகைக்கேற்ப வடிவத்தை மாற்ற இம்மொழி இடமளிக்கிறது. 'வகை வழக்காயின் தீர்ப்புத் திரட்டின் பெயரும் தொகுதியும் பக்கமும் தருக, இன்றேல் ஆசிரியரும் ஆண்டும் தருக' என்னும் நிபந்தனையைப் பாணிக் கோப்பில் சேர்க்கலாம். மேற்கூறிய ஆய்வேட்டுக்கு மிகவும் பொருத்தமான வழி இதுவே. இரண்டு பாணிகளைக் கலப்பதற்குப் பதில், இரண்டின் விதிகளையும் கொண்ட ஒரே பாணி உருவாகிறது. மென்பொருளின் பார்வையில் ஆவணம் ஒருமையுடன் இருக்கும், வாசகரின் பார்வையில் ஒவ்வொரு சான்றும் அதற்குரிய முறையில் தோன்றும். 2021 இல் வெளியான சி.எஸ்.எல். 1.0.2 பதிப்பில் செவ்வியல் நூல், தரம், ஒழுங்குவிதி போன்ற வகைகள் சேர்க்கப்பட்டன. சோட்டரோவின் பட்டியலில் இல்லாத வகையையும் மூல ஆண்டையும் 'கூடுதல்' என்னும் புலத்தில் தட்டச்சிட்டு அளிக்கலாம். கல்வெட்டுக்கெனத் தனி வகை இல்லை. அதனைக் கையெழுத்துப்படி போன்ற நெருங்கிய வகையில் பதிவதே நடைமுறை.

எண் முறைப் பாணியில் இவ்வாறு செய்யும்போது ஓர் இடர் உண்டு. எண் ஒவ்வோர் உருப்படிக்கும் வழங்கப்படுவதால், எண்ணின்றிக் காட்டப்படும் தீர்ப்பும் ஓர் எண்ணை விழுங்கிவிடக்கூடும். வாசகர் 11 க்குப் பின் 13 ஐக் கண்டு 12 ஐத் தேடுவார்.

எண்ட்நோட்டில் நிலைமை சற்று வேறு. அதன் பாணிக் கோப்பில் உரையுள் மேற்கோள், அடிக்குறிப்பு, நூற்பட்டியல் ஆகியவற்றுக்குத் தனித்தனி வார்ப்புருக்கள் உள்ளன. ஆகவே ஒரே பாணியில் உரையுள் ஆசிரியர்-ஆண்டும் அடிக்குறிப்பில் முழு விவரமும் தர இயலும்.

லாடெக் பயனர்களுக்கு அதிக உரிமை உண்டு. 1985 இல் ஓரன் படாஷ்னிக் உருவாக்கிய பிப்டெக் அடிப்படையில் ஒரு பாணியையே ஏற்றாலும், மல்டிபிப் போன்ற துணைத்தொகுப்புகள் ஒரே ஆவணத்தில் பல பட்டியல்களையும் பட்டியலுக்கு ஒரு பாணியையும் அனுமதித்தன. பின்வந்த பிப்லாடெக்கில் மேற்கோள் பாணியையும் பட்டியல் பாணியையும் தனித்தனியே தேர்ந்துகொள்ளலாம். அடைப்புக்குறி மேற்கோள், அடிக்குறிப்பு மேற்கோள், அடிக்குறிப்பில் முழு நூல்விவரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டளைகள் இருப்பதால் மூன்றையும் ஒரே பக்கத்தில் பயன்படுத்தலாம். பட்டியலை முதன்மைச் சான்றுகள், தீர்ப்புகள், ஆய்வு நூல்கள் எனப் பிரித்து அச்சிடவும் முடியும். தமிழ் நூலுக்கு 'பதிப்பாசிரியர்' என்றும் ஆங்கில நூலுக்கு அதன் ஆங்கிலச் சொல்லும் வருமாறு உருப்படிக்கு உருப்படி மொழியை மாற்றும் வசதியும் உண்டு. இருமொழிச் சான்றுகளைக் கையாளும் தமிழ் ஆய்வாளருக்கு இது பெரும் பயன் தரும்.

சட்ட மேற்கோளும் பன்மொழியும் சேர்ந்து வரும் சிக்கலுக்காகவே சோட்டரோவின் கிளையாக ஜூரிஸ்-எம் உருவாக்கப்பட்டது. சப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்க் பென்னட் இதனை எழுதினார். சோட்டரோ பயன்படுத்தி வந்த மேற்கோள் செயலியும் அவர் ஆக்கமே. ஒவ்வொரு நாட்டின் சட்ட மேற்கோள் விதிகளையும் தனிக் கூறாக வைத்து, எந்தப் பொதுப் பாணியுடனும் இணைப்பது இதன் சிறப்பு.

குறுக்கு வழிகளும் அவற்றின் விலையும்

பாணிக் கோப்பைத் திருத்தும் பழக்கமில்லாத மாணவர்கள் வேறு வழிகளை நாடுவர். இயல்களைத் தனித்தனி ஆவணங்களாக வெவ்வேறு பாணிகளில் எழுதி இறுதியில் ஒட்டுவது அவற்றுள் ஒன்று. புலங்கள் உயிருடன் உள்ளபோதே ஒட்டினால், அடுத்த புதுப்பித்தலில் எல்லா மேற்கோள்களும் சேரும் ஆவணத்தின் பாணிக்கு மாறிவிடும். இதைத் தவிர்க்க, ஒட்டுவதற்கு முன் புலங்களின் இணைப்பைத் துண்டித்து வெறும் எழுத்தாக்க வேண்டும். அதன்பின் அவற்றை மென்பொருளால் மாற்ற முடியாது. ஆகவே இணைப்புள்ள படியொன்றைத் தனியே காத்துவைத்தல் கட்டாயம். நெறியாளர் கடைசி வாரத்தில் பாணியை மாற்றச் சொன்னால் அந்தப் படிதான் கைகொடுக்கும்.

சோட்டரோவின் விரைவுப் படி வசதியால் வேறொரு பாணியில் அமைந்த மேற்கோளை வெறும் எழுத்தாக ஒட்டுவது மற்றொரு வழி. ஐந்தாறு தீர்ப்புகளுக்கு இது போதும். எனினும் அவை நூற்பட்டியலில் தாமாகச் சேரா, தரவில் செய்யும் திருத்தமும் அவற்றை எட்டாது. புலத்துக்குள் நேரடியாகத் தட்டச்சிட்டுத் திருத்துவதை மட்டும் தவிர்க்க வேண்டும். அத்திருத்தம் பின்னொரு நாள் மறைந்துபோகலாம், நிலைத்தாலோ அம்மேற்கோள் அதன்பின் புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடலாம்.

தேவாரம், குறள் போன்றவற்றைப் பொறுத்தவரை மென்பொருளை நாடாமலே இருப்பதும் ஏற்புடையதே. 7.49.3 என்பதைக் கையால் தட்டச்சிட்டு, பயன்படுத்திய பதிப்பை மட்டும் ஒருமுறை தரவுத்தளத்தில் பதிந்து பட்டியலில் சேர்த்தால் போதும்.

பட்டியலின் அகரவரிசையும் சோதிக்கப்பட வேண்டியது. ஒருங்குறிக் குறியெண் வரிசையில் ன, ந வுக்கு அடுத்தும், ற, ர வுக்கு அடுத்தும், ஜ, ச வுக்கு அடுத்தும் அமைந்துள்ளன. குறியெண்ணை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தும் பழைய கருவிகள் தமிழ் நெடுங்கணக்கைப் பின்பற்றா. பட்டியலில் தமிழ், ஆங்கில உருப்படிகள் கலந்திருந்தால் இரண்டையும் தனித்தனிப் பகுதிகளாக்குவதே தமிழ் நூல்களில் பரவலாகக் காணப்படும் முறை.

கலக்கத் தகாத இடங்கள்

இதழ்களுக்கு அனுப்பும் கட்டுரைகளில் இதழின் பாணியே இறுதியானது. ஒரே வகைச் சான்றை ஓரிடத்தில் அடிக்குறிப்பிலும் மற்றோரிடத்தில் அடைப்புக்குறியிலும் சுட்டுவது கலப்பு அன்று, கவனக்குறைவே. சான்றின் வகை மாறும்போது முறை மாறலாம், இயல் மாறுவதாலோ கணினி மாறுவதாலோ மாறலாகாது.

பல்கலைக்கழக ஆய்வேடுகளில் இதற்கு மென்பொருட்களினும் பழைய ஏற்பாடு ஒன்று உள்ளது. நூலின் முன்பகுதியில் இடம்பெறும் 'சுருக்கக் குறியீட்டு விளக்கம்' என்னும் பக்கமே அது. திருமுருகன்பூண்டி ஆய்வேட்டில் அப்பக்கம் ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும். மூன்று எண்கள் புள்ளியால் பிரிக்கப்பட்டிருப்பின் திருமுறை, பதிகம், பாடல். எண்ணும் ஆண்டும் சாய்கோட்டால் பிரிக்கப்பட்டிருப்பின் கல்வெட்டு ஆண்டறிக்கை. ஆண்டு அடைப்புக்குறிக்குள் முதலில் வந்து திரட்டின் பெயர் தொடர்ந்தால் தீர்ப்பு. அடைப்புக்குறிக்குள் ஒருவர் பெயரும் ஆண்டும் வந்தால் நூற்பட்டியலின் மூன்றாம் பகுதியைக் காண்க.